சும்மா கிடக்க வேண்டிய பணம்

தாரக்கா. தாரக்கா.

இப்படி இரண்டு முறை கூப்பிட்டால்தான் அவருக்குக் கேட்கும். முதல் முறை கூப்பிடுவது தறிச் சத்தத்தில் போய்விடும். கருமத்தம்பட்டியில் எங்கள் தெருவில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். தார் என்றால் தறி நாடாவுக்குள் வைக்கிற, நூல் சுற்றிய குச்சி. சின்ன வயதிலிருந்து தார் சுற்றியவர், அதனால் தாரக்கா. கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது வைத்த பெயர் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் அதுதான் இருக்கும். அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டது ஆபீஸ்காரர்கள் மட்டும்தான்.

எங்களுடையது லைன் வீடு. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நானும் அம்மாவும். அந்தப் பக்கம் அவர் தனியாக. அவர் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், ஏழு வருசத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு குளிர் நாட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனார். நடுவில் ஒரு முறைதான் வந்தார். பிள்ளை இல்லை.

தாரக்காவைப் பற்றி ஒன்று சொன்னால் எல்லாம் சொன்ன மாதிரி. எதுவும் சும்மா கிடப்பதை அவரால் பார்க்க முடியாது.

அவர் வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. இரண்டும் ஒன்றாக அவர் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. ஒன்று எப்போதும் தெருவில் யார் வீட்டிலாவது இருக்கும். சாவு வீட்டுக்குப் போகும், சீர் வீட்டுக்குப் போகும், கால் உடைந்தவர் குளிப்பதற்குப் போகும். "ஏனுங்க்கா, உங்க ஊட்டுக்கு ஒறம்பரை வந்தா எங்க உக்காருவாங்க?" என்று கேட்டேன்.

"நான் ஒருத்தி. ரெண்டு நாற்காலில பாதிப் பாதியா உக்கார முடியுமா கண்ணு? அது சும்மா நின்னா அதுக்கே சலிப்பாயிரும்."

அவர் பிரிட்ஜில் அவருடையது என்று ஒரு தயிர்க் கிண்ணம்தான் இருக்கும். மற்றதெல்லாம் அடுத்தவர் மாவுப் பாத்திரம். இரண்டாவது சிலிண்டர் அவர் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருக்குமா தெரியாது. மழை வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குடையை யாருக்கோ கொடுத்துவிட்டு நனைந்து வந்தார். மூன்று வாரம் கழித்து அந்தக் குடை வேறு கைப்பிடியோடு திரும்பி வந்தது. "பாரு, போனப்ப பிடி ஆடிட்டு இருந்துச்சு. ஊர் சுத்தினதுல வைத்தியம் ஆயிருச்சு" என்று சந்தோசப்பட்டார்.

கையும் அப்படித்தான். பஸ்ஸில் முன் சீட்டில் இருக்கும் அம்மாவின் சேலையில் ஒட்டிய பஞ்சை எடுப்பார். பூசையில் பிரசங்கம் நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் அறுந்த ஜெபமாலையை வாங்கிக் கோத்துக்கொண்டிருப்பார். பங்குச் சாமியார் ஒரு நாள் பார்த்துவிட்டார். பூசை முடிந்து வாசலில் நிறுத்தி, "பிரசங்கம் முடியற வரைக்குமாவது கையைச் சும்மா வைம்மா" என்றார்.

"காதை உங்களுக்குத்தானுங்க சாமி குடுத்திருந்தேன். கை சும்மாதான இருந்துச்சு."

சாமியாரே சிரித்துவிட்டார்.

பணமும் அவருக்கு நாற்காலி மாதிரிதான். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. தறிக்காரர்களுக்கு எல்லாக் கணக்கும் சனிக்கிழமை. கூலி சனிக்கிழமை, நூல் கடைக்குக் கொடுப்பது சனிக்கிழமை, சீட்டு கட்டுவது சனிக்கிழமை. நடுவில் திங்கள் முதல் வெள்ளி வரை உன் பணம் என் கையில் இருக்கும், என் பணம் வேறு ஒருவர் கையில் இருக்கும். சனிக்கிழமை அதது அதன் இடத்துக்கு வந்துவிட்டால் போதும். இந்தப் பணம் புதன்கிழமை எங்கே இருந்தது என்று எங்கள் பக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது மரியாதை இல்லை.

"சனிக்கிழமைக்குள்ள வந்துட்டா போகாத மாதிரிதான்." தாரக்கா வாயில் வாரத்துக்கு நாலு தடவையாவது இது வரும்.

அண்ணன் அனுப்பிய பணத்தில் நாலு தறி வாங்கி, வாடகைக்கு எடுத்த ஒரு தகரச் செட்டில் ஓட்டினார். நான் அங்கேதான் வேலை பார்த்தேன். தினமும் சாயங்காலம் அண்ணன் வீடியோவில் வருவார். அவருக்கு அங்கே மதியம் ஓட்டல் சாத்துகிற நேரம். அவர் அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவார். இவர் இங்கே தார் சுற்றிக்கொண்டே பேசுவார். தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. ஆனாலும் அரை மணி நேரம் பேசுவார்கள்.

"ஏம்புள்ள, ரெண்டு நிமிசம் அந்தக் கையை நிறுத்திப்போட்டு மூஞ்சியக் காட்டு."

"மூஞ்சியப் பாத்து என்ன பண்றீங்க? உங்க தலைல முடியத் தேடி எனக்குக் கண்ணு வலிக்குது."

அவர் சிரிப்பார். முன்பக்கம் பாதி வழுக்கையாகிவிட்டது. தாரக்கா அதை வைத்தே அவரை ஓட்டுவார்.

தாரக்காவுக்கு முப்பத்தெட்டு முடியும்போதுதான் அங்கே போக வேண்டும் என்ற பேச்சு வந்தது. கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தார். இரண்டு பேரிடமும் பெரிய குறை எதுவும் இல்லை, ஒரே இடத்தில் இருந்தால்தானே பிள்ளை வரும், இனி தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அண்ணன் மாசக்கணக்கில் லீவு போட்டு வந்தால் வேலை போய்விடும். அதனால் இவர் அங்கே போய் ஒரு வருசம் தங்குவது என்று முடிவானது.

காந்திபுரத்தில் விசாவுக்குப் பேப்பர் தயார் செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸ். துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். வயதானவர். பொறுமையாகச் சொன்னார்.

"உங்க ஊட்டுக்காரரோட வேலைக்கு, குடும்பத்தைக் கூட்டிக்க முடியாதுங்க. நீங்க தனியாத்தான் போகோணும். அங்க வேலை செய்யாம, உங்க சொந்தக் காசுல ஒரு வருசம் உக்காந்து சாப்பிடற ஆளுன்னு காட்டோணும்."

"வேலை செய்யாமயா?"

"ஆமாங்க. செய்ய மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுத் தரோணும்."

"அப்ப நாள் பூரா என்னுங்க பண்றது?"

"சும்மா இருக்கறதுதானுங்க."

தாரக்கா என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. அந்த மனிதருக்கு நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று தெரியவில்லை.

அப்புறம் பேங்க் புத்தகத்தைக் கேட்டார். வாங்கிப் புரட்டினார். பக்கம் பக்கமாகப் பணம் வந்திருக்கிறது, போயிருக்கிறது, வந்திருக்கிறது, போயிருக்கிறது.

"இது பாஸ்புக்கா, பஸ் ஸ்டாண்டாங்க?"

"எல்லாம் தெருச் சனங்கதானுங்க. குடுத்தது பூராம் வந்துருச்சுங்க. ஒரு ரூவா வெளிய நிக்கல."

"வந்துருச்சுங்க. ஆனா இதை அங்க இருக்கறவன் ஒத்துக்க மாட்டான். காசு அடுத்தவங்களதுன்னு நினைப்பான். அவன் கேக்கற தொகை உங்க கணக்குல தொண்ணூறு நாள் அப்படியே இருக்கோணும். ஒரு நாள் ஒரு ரூவா குறையக் கூடாது."

"டெபாசிட்டுல போட்டுப் பூட்டிறலாமுங்களா?"

"கூடாதுங்க. எப்ப வேணாலும் எடுக்கற மாதிரி இருக்கோணும். ஆனா எடுக்கக் கூடாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "எடுக்கற மாதிரி இருக்கோணுமாம், எடுக்கக் கூடாதாம். காசும் சும்மா கெடக்கோணுமாம், நானும் சும்மா கெடக்கோணுமாம். தவக்காலம் நாப்பது நாளு. இது ரெண்டே கால் தவக்காலம் கண்ணு." நீலாம்பூர் தாண்டியதும் சிரிப்பு நின்றது. "என்னால ஆகுமா புள்ள?" என்று கேட்டார்.

தறி நாலையும் விற்றார். அந்தப் பணமும் அண்ணன் அனுப்பியதும் சேர்த்து, அவர்கள் கேட்ட தொகைக்கு மேல் நாலாயிரமோ ஐயாயிரமோதான் மிச்சம். அதனால் கை வைத்தால் உடனே குறைந்துவிடும். விற்ற மறுநாளே வேறு ஒருவர் செட்டுக்குக் கூலிக்குத் தார் சுற்றப் போனார். நானும் கூடப் போனேன். ஏடிஎம் கார்டை என்னிடம் கொடுத்தார்.

"நான் அழுதாலும் குடுக்காத. கால்ல விழுந்தாலும் குடுக்காத. நீதான் பூட்டு."

கோயிலில் கொடுக்கும் காலண்டரில் ஒவ்வொரு நாளையும் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார்.

எழுபது நாள் நான் பூட்டாகத்தான் இருந்தேன். தெருவில் யார் வந்து கேட்டாலும் நானே போய் வாசலில் நிற்பேன். எதிர்வீட்டு அக்கா ஒரு நாள், "ஏம்புள்ள, நீ என்ன பேங்கு மேனேஜரா? அவிய காசு, அவிய குடுக்கறாங்க, உனக்கு எங்க நோகுது?" என்று கேட்டார். நான் வாசலை விட்டு நகரவில்லை. உள்ளே தாரக்கா அரிசி டின்னைத் தட்டிக்கொண்டிருந்தார். பணம் கொடுக்க முடியாத நாளில் அரிசியாவது கொடுத்து அனுப்புவார். ஒரு நாள் பார்த்தால் காது மொட்டையாக இருக்கிறது.

"தோடு எங்கீங்க்கா?"

"அது ஒரு ஊட்டுக்குப் போயிருக்குது. வந்துரும்."

"அக்கா!"

"தோட்டைக் கணக்குல காட்டச் சொல்லலியே கண்ணு."

எழுபத்துமூன்றாம் நாள் ஒரு புதன்கிழமை. இதை எழுதத்தான் நான் உட்கார்ந்தேன், இதுவரைக்கும் எழுதியதெல்லாம் இதைத் தள்ளிப்போடத்தான் என்று இப்போது தெரிகிறது.

அம்மாவின் தாலிச் சங்கிலி அடகில் இருந்தது. அப்பா செய்து போட்டது அது ஒன்றுதான். தவணை தாண்டி, வெள்ளிக்கிழமை காலை ஏலம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குச் சீட்டு விழுவது வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒரு பகல் இடிக்கிறது. கடையில் கெஞ்சிப் பார்த்தேன். வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள் கட்டினால்தான் என்றார்கள். அம்மா அழுதார். லைன் வீட்டில் அழுதால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காமல் இருக்குமா?

தாரக்கா வந்து கதவருகில் நின்றார். "கார்டை எடு கண்ணு."

"அக்கா, எழுபத்துமூணு நாளாச்சு."

"எனக்கு எண்ணத் தெரியும். உன்ற சீட்டுக் காசு சனிக்கிழமைக்குள்ள வருதா, இல்லியா?"

"வருதுங்க்கா. ஆனா அந்த ஆபீஸ்காரரு ஒரு நாளு கூடன்னு..."

"அப்பறம் என்ன? போகாத மாதிரிதான். கெளம்பு."

நான் வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். அவர் என்னைப் பூட்டு என்றுதானே சொன்னார். எழுபது நாள் அடுத்தவர்களுக்கெல்லாம் வேண்டாம் என்று சொன்ன வாய். உண்மையைச் சொன்னால், அவர் சொல்லட்டும் என்று நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா கொஞ்சம் சத்தமாக அழுதபோது நான் வாயை மூடச் சொல்லவில்லை.

புதன்கிழமை எடுத்தேன். வியாழக்கிழமை கட்டிச் சங்கிலியை மீட்டேன். சனிக்கிழமை காலை பேங்க் திறந்ததும் முழுப் பணத்தையும் போட்டுவிட்டேன். தாரக்கா காலண்டரில் புதன், வியாழன், வெள்ளி மூன்றையும் அடித்தார். மற்ற நாள்களை அடித்த மாதிரியே அடித்தார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அந்தப் பணம் போகவில்லை என்றே அவர் நினைத்தார். அவருக்கும் எனக்கும் எங்கள் தெருவில் எல்லாருக்கும் அப்படித்தான் கணக்கு.

தொண்ணூறு முடிந்ததும் காந்திபுரத்துக்குப் போனோம். அந்த மனிதர் பேங்க் பேப்பரில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இது என்னுங்க?"

"அது சனிக்கிழமையே வந்துருச்சுங்களே."

"வந்துருச்சுங்க. ஆனா போயிருக்குதில்ல?"

"போனது வந்துருச்சுன்னா அப்பறம் என்னுங்க போனது?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் தாரக்காவையே பார்த்தார். பிறகு, இன்னொரு தொண்ணூறு நாள் பொறுத்துப் போடலாம் என்றார். ஆனால் பேப்பர் கொடுக்கத் தேதி வாங்கியாகிவிட்டது. அதை விட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு விளக்கக் கடிதம் வைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று தாரக்கா சொன்னார். நான்தான் தமிழில் எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அந்த மனிதர் இங்கிலீஷில் மாற்றிக்கொண்டார். அதில் ஒரு வரி இன்னும் எனக்கு நினைவு இருக்கிறது. "அந்த மூன்று நாளும் பணம் எங்கேயும் போகவில்லை, பக்கத்து வீட்டில்தான் இருந்தது."

அஞ்சு வாரம் கழித்து ஒரே ஒரு தாள் வந்தது. பணம் தொடர்ச்சியாக இருப்பில் இல்லை, அதனால் விசா இல்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் வீடியோவில் வந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் தாரக்கா சொல்லிவிட்டார். "நாந்தானுங்க எடுத்துப்போட்டேன். கணக்கு மறந்துபோச்சு."

அண்ணன் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி புள்ள. இன்னொரு தொண்ணூறு நாள்தான. இத்தனை வருசம் இருந்தோம்" என்றார்.

போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது. "ஏனுங்க்கா பொய் சொன்னீங்க?" என்றேன். அவர் சிக்கல் விழுந்த ஒரு நூல்கண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "எனக்கு முப்பத்தொம்பது ஆகுது கண்ணு. அது மட்டும் சனிக்கிழமைக்குத் திரும்பி வராது" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

விசாக் கட்டணத்துக்கு எடுத்ததில் தொகை குறைந்திருந்தது; அண்ணன் அனுப்பி அது நிறைந்ததும் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார். இந்த முறை அவர் வேறு ஆளாகிவிட்டார். யார் வந்து கேட்டாலும் அவரே இல்லை என்று சொன்னார். முதல் முறை அப்படிச் சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை. இரண்டு நாற்காலியும் வீட்டுக்கு வந்து, ஒன்றின் மேல் ஒன்றாக மூலையில் இருந்தது. தெருவில் பேச்சு மாறியது. "சீமைக்குப் போறவளுக்கு இப்பவே கண்ணு தெரியல" என்று எதிர்வீட்டு அக்கா அவர் காதுபடச் சொன்னார். தாரக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அக்கா காதில் போட்டிருந்தது தாரக்காவின் தோடு.

ஐம்பத்தோராம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் பல வீட்டில் அப்போது காய்ச்சல்தான். மாத்திரை போட்டுக்கொண்டு தார் சுற்றப் போனார். "ஒரு நாள் படுங்க்கா" என்றால், "சும்மா படுத்துக் கெடந்தா காச்சல் நம்ம மேல ஏறி உக்காந்துக்கும்" என்றார். மூன்று நாள் அப்படியே போனார். நாலாம் நாள் வாந்தி. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. பக்கத்து கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தட்டணு குறைகிறது, உடனே கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து துணி எடுத்து வைத்தேன். கார்டையும் எடுத்தேன். தாரக்கா படுத்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை நெருப்பாகச் சுட்டது.

"அசைக்காத கண்ணு."

"அக்கா, அட்வான்ஸ் கேப்பாங்க."

"அம்பத்தினாலு நாளாச்சு. காச்சலுக்கெல்லாமா அசைக்கறது? ரெண்டு நாள்ல எந்திரிச்சுருவேன்."

"சரி, சர்க்கார் ஆஸ்பத்திரிக்காவது போலாமுங்க்கா. அங்க காசு வேண்டாம்."

"அங்க போனா படுக்க வெச்சுருவாங்க. எத்தனை நாள்னு யாரு கண்டா? கஞ்சி குடு, போதும்."

அவரைக் கேட்காமல் அண்ணனுக்கு நான் போன் செய்திருக்கலாம். அதையும் அவர் வேண்டாம் என்றார்; வீடியோவில் வந்த அண்ணனிடம் வெறும் சளி என்று சொல்லிச் சீக்கிரம் வைத்துவிட்டார். அண்ணன் பதறி வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவார், எல்லாம் கெட்டுவிடும் என்றார். நான் கேட்டுக்கொண்டேன். ஏன் கேட்டுக்கொண்டேன் என்று எத்தனையோ பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். ஒரு முறை அவர் பணத்தை அசைத்து, அவர் பயணத்தைக் கெடுத்தவள் நான். இன்னொரு முறை என் கையால் அதைச் செய்ய எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். கார்டைத் திரும்பவும் என் பையிலேயே வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சினேன்.

ஐம்பத்தாறாம் நாள் காலையில் கூப்பிட்டால் பதில் இல்லை. இரண்டு முறை கூப்பிட்டேன். ஆம்புலன்ஸில் போகும்போது அவர் விரல்கள் மட்டும் போர்வை ஓரத்தில் இருந்த நூலை இழுத்துக்கொண்டே இருந்தன. சர்க்கார் ஆஸ்பத்திரியில் எல்லாம் செய்தார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு நர்ஸ் மட்டும், "ரெண்டு நாள் முன்னால கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். என் பையில் கார்டு இருந்தது.

அடுத்த நாள் மதியம் தாரக்கா போய்விட்டார்.

அண்ணனுக்கு உடனே டிக்கெட் கிடைக்கவில்லை. கல்லறையில் நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அங்கே அதே ஓட்டல் சமையல்கட்டில் நின்று பார்த்தார். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அவர் போனுக்குள்ளிருந்து, "எனக்காக நீ ஒரு பிடி போடு அம்மணி" என்றார். போட்டேன்.

ஒரு மாதம் கழித்து வந்தார். அடுக்கி வைத்திருந்த நாற்காலியைப் பிரித்து, ஒன்றில் உட்கார்ந்து மற்றதை எதிரில் போட்டுக்கொண்டார். காலண்டரை எடுத்து அடித்த நாள்களைப் பார்த்தார். நான் அவர் முன்னால் நின்று, "அண்ணா, அந்த மூணு நாளும் காசை எடுத்தது எனக்காகத்தானுங்க" என்று சொன்னேன். பேங்க் புத்தகத்தையும் கார்டையும் நீட்டினேன்.

"தெரியும் அம்மணி. அவ கணக்கு மறக்கற ஆளில்லயே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பணத்தை எடுக்க பேங்கில் வாரிசுச் சான்று, அது இது என்று கேட்டார்கள். தாலுகா ஆபீசுக்கு நாலு நாள் நடந்தார். லீவு முடிந்துவிட்டது. "கெடக்கட்டும் விடு. அதை எடுத்து நான் என்ன பண்ணப் போறேன்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு நாற்காலியை எனக்குக் கொடுத்தார். இன்னொன்று எதிர்வீட்டில் இருக்கிறது. தோடு இன்னும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் மெஷினில் வைத்தேன். வட்டியைத் தவிர ஒரு வரி ஏறவில்லை. ஒரு நாள் கூட, ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை. தொண்ணூறு நாள் தாண்டி, இன்னொரு தொண்ணூறும் தாண்டிவிட்டது. அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கிறது. எடுக்கிற மாதிரி இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. அதைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் பேங்க் வாசலில் நின்றேன்.

பூசையில் அவர் பெயரைச் சொல்லி, நித்திய இளைப்பாற்றி கொடுக்கச் சொல்லி வேண்டுகிறார்கள். எனக்கு அந்த இடத்தில் மட்டும் ஆமென் சொல்ல வாய் வருவதில்லை. தாரக்காவுக்கு இளைப்பாற்றி வேண்டாம். சும்மா உட்கார வைத்தால் அவர் அங்கேயும் சங்கடப்படுவார்.

அதனால் இதைப் படிக்கிற எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி. பஸ்ஸுக்கு நிற்கும்போது, ரேசன் கடையில் நிற்கும்போது வாய் சும்மாதானே இருக்கிறது? அப்போது அவருக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். அங்கே எதையும் காட்டச் சொல்லாமல் அவரை உள்ளே விட வேண்டும் என்று கேளுங்கள். கையில் ஏதாவது ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். பெயர் தெரியாதே என்று விட்டுவிடாதீர்கள். தாரக்கா என்று சொன்னால் போதும். ஆனால் தயவுசெய்து இரண்டு முறை கூப்பிடுங்கள்.